ஆரம்பித்த கை முடிக்கக் கூடாது

வகுப்பில் என்னை முள்ளு என்று கூப்பிடுவார்கள். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை, கேட்டால் அதற்கும் குத்துவேன் என்று பயந்து அவர்களும் சொன்னதில்லை. கட்டிடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தை அப்போது மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் உயிரை எடுத்தது ஒரே ஒரு பாடம்தான், கூட்டுக் கட்டுமானம். வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து, இதுவரை யாரும் கட்டிப் பார்க்காத ஒன்றை, உண்மையான அளவில், தங்கள் கையாலேயே கட்ட வேண்டும். மூன்றாவது முறையும் தேறாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஏழு வருடம் படித்ததற்கு அடையாளமாக ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது.

முதல் முறை நான் தோற்றது வேலை செய்யாததால் இல்லை. எல்லா வேலையையும் நானே ஒருத்தியாகச் செய்ததால். அந்த வருடம் மடக்கி விரிக்கிற கூடாரம் ஒன்றைக் கட்டினோம். மற்றவர்கள் போட்ட இணைப்புகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடிந்ததும் பட்டறைக்குப் போய், அவர்கள் முந்தின நாள் போட்டதையெல்லாம் பிரித்து நானே மறுபடி போடுவேன். தன் கையே தனக்குதவி என்பது என் கொள்கை. கூடாரம் அம்சமாக நின்றது. மற்ற எல்லாரும் தேறினார்கள், எனக்கு மட்டும் கூட்டு என்ற தலைப்பின் கீழ் பூஜ்யம். இரண்டாம் முறை, சரி, யார் வேலையையும் தொடக் கூடாது என்று வைராக்கியமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் மாதம் பொறுக்க முடியாமல் சுத்தியலை வீசிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தரையில்தான் வீசினேன். ஆனாலும் பூஜ்யம்தான்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. எங்கள் வீடு ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறை அம்மாவின் தையல் அறை. மருத்துவமனைகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைப்பார். துணி வெட்டும் மேசைமேல்தான் சாப்பாடும், அதனால் எங்கள் வீட்டில் யார் சட்டையைத் தட்டினாலும் நாலு நூல் விழும். ஐந்து வருடப் படிப்பை ஆறு வருடமாக நீட்டிவிட்டார்கள் என்று முதலில் சொன்னேன். அப்புறம் ஏழு என்றேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, உங்கள் காலேஜ் நல்ல எலாஸ்டிக்கில் செய்தது போலிருக்கிறதே என்றார். அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். வருகிறவர்களைப் பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள்.

மூன்றாம் முறை எங்களுக்கு வந்தது ஏரி. தண்ணீரில் மிதக்கிற ஒரு கூடம் கட்ட வேண்டும் என்றார் பேராசிரியர். கையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பதால் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். முப்பத்து நான்கு பேர், முப்பத்து நான்கு யோசனை. ஒருத்தன் தாமரை என்றான், ஒருத்தி திமிங்கலம் என்றாள். நாலு மணி நேரச் சண்டைக்குப் பிறகும் முடிவு வரவில்லை, ஆனால் யாருடையது என்று அடையாளம் தெரியாத அளவுக்கு எல்லா யோசனையும் கசங்கிக் கலந்து ஒன்றாகிவிட்டிருந்தது. ஏழு அறுகோண மேடைகள். பழைய டயர்களை வெட்டி எடுத்த பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும். அலை வந்தால் தரையே வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு மேடையிலும் ஒரு கம்பம், கம்பங்களுக்கு மேலே துணிக் கூரை. மேடைகள் அசைய அசையக் கம்பங்கள் விலகிச் சேரும், கூரை மூச்சு விடுகிறாற்போல் திறந்து மூடும். அப்படி ஒன்று மிதக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாருக்கும் பிடித்துப்போனது.

அடுத்த நாளே யார் எதைச் செய்வது என்று அடிதடி. கூரை எங்களுடையது, கம்பம் உங்களுடையது, மேடை யார் கண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவ்வளவு ஒற்றுமை வேண்டுமென்றால் ஒரு சட்டம் போடுங்கள், ஆரம்பித்த கை முடிக்கக் கூடாது, ஒருத்தர் தொடங்கின எதையும் இன்னொருத்தர்தான் முடிக்க வேண்டும், அப்போது பார்க்கலாம் யார் என்னுடையது என்கிறார்கள் என்று கத்தினேன். நக்கலாகத்தான் சொன்னேன். ஸ்கேல் திரும்பிப் பலகையில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, வேறு யோசனை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான்.

அதன்பின் ஐந்து மாதம் அந்தச் சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. நான் பலகையை அறுத்தால் இன்னொருத்தி இழைப்பாள். அவள் துளை போட்டால் இன்னொருத்தன் ஆணி முடுக்குவான். எது பாதியில் நிற்கிறது என்று தெரிவதற்கு ஓர் அடையாளமும் வைத்தோம். தொடங்குகிறவர் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும், முடிக்கிறவர் அந்தக் கோட்டைத் துடைத்துவிட வேண்டும். கோடு இருந்தால் பாக்கி, கோடு இல்லாவிட்டால் முடிந்தது. துடைக்கிற யோசனையும் என்னுடையதுதான். முடிந்த வேலைமேல் கிறுக்கல் இருந்தால் எனக்கு ஆகாது.

முதல் மாதம் நரகம். நான் கண்ணும் கருத்துமாக அறுத்த பலகையை வேறொருத்தர் கையில் கொடுக்கும்போது வயிறு எரியும். முக்கியமாக பஞ்சர் கையில். அவனுடைய அப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார், பெயர் அப்படி வந்தது. எதையும் அவசரமில்லாமல் செய்வான். நான் பத்து இணைப்பு போடுகிற நேரத்தில் அவன் ஒன்றை எடுத்து, திருப்பி, தடவி, மோந்துகூடப் பார்ப்பான். ஒருநாள் பொறுக்காமல், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி பார்க்காதே, அது வெறும் திருகாணி என்றேன். அவன் சிரித்துவிட்டு மறுபடியும் தடவிப் பார்த்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் மாதத்தில் எப்போதோ, நான் இரண்டு மில்லிமீட்டர் தவறாக அறுத்ததைக் எதையும் மனதிலேயே கூட்டிப் பெருக்கிவிடுவதால் கணக்கு என்று நாங்கள் கூப்பிடுகிற தோழி சத்தமில்லாமல் சரி செய்துவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடைகளைத் தாங்க டிரம்கள் வேண்டும். மேடைக்குப் பன்னிரண்டு, மொத்தம் எண்பத்து நான்கு நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள், சோப்புக் கம்பெனியிலிருந்து கழுவி அனுப்பியவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூடிகள். முதல் கை ரப்பர் வளையத்தை வைத்து, மூடியைக் கையால் லேசாகத் திருகிவிட்டு, கோடு போடும். இரண்டாம் கை நீளமான ஸ்பேனரால் நன்றாக இறுக்கிவிட்டு, கோட்டைத் துடைக்கும். கடைசி வாரம் ஒரு மதியம் பட்டறை முற்றத்தில் டிரம்களைப் பரப்பி முதல் கை வேலையை முடித்தோம். இரண்டாம் கை ஆட்கள் ஸ்பேனரை எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் உள்ளே ஓடி, கூரைத் துணி வேலையில் உட்கார்ந்துவிட்டோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் டிரம்கள் பளபளவென்று இருந்தன, ஒன்றில்கூடக் கோடு இல்லை. மழை விட்ட பிறகு யாரோ இருந்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்து, பெல்ட் போட்டு மேடைகளுக்கு அடியில் கட்டினோம். நானே நின்று பார்த்து, பரவாயில்லை, சுத்தமாக முடித்திருக்கிறார்கள் என்று பாராட்டினேன். நான் யாரையும் பாராட்டுவது அபூர்வம், அதனால் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஏரியில் இறக்கும் நாள் வந்தது. கிரேன் ஏழு மேடைகளையும் ஒவ்வொன்றாகக் கரையோரத் தண்ணீரில் வைத்துவிட்டுப் போயிற்று. டயர் பட்டைகளை மாட்டினோம், கூரையை ஏற்றினோம். சின்னக் காற்று அடித்தது. தரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக நெளிந்தது, மேலே கூரை விரிந்து மூடியது. முப்பத்து நான்கு பேரும் ஓவென்று கத்தினோம். பஞ்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஏரி நிர்வாகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேடையில் ஆள் ஏறலாம். ஆள் ஏறினால்தான் ஸ்கேல் மதிப்பெண் போடுவார். மதிப்பெண் பட்டியல் அன்று மாலை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதிகாரி பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நடு மேடையில் வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது. மூன்றாவது மேடையும் ஐந்தாவது மேடையும் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு விரல் இறங்கின.

அவர் கோபப்படவில்லை. எதிர்க்கரையில் வேலை இருக்கிறது, நாலு மணிக்குத் திரும்பி வருவேன், அப்போது மட்டமாக இருந்தால் சோதனை, இல்லாவிட்டால் படகை வைத்து இழுத்துக் கரையேற்றிப் பிரித்துவிடுவார்கள் என்றார். கிரேனைத் திரும்பக் கூப்பிட வழியில்லை, அது வேறு ஊர் போய்விட்டிருந்தது.

நான் அப்படியே தண்ணீரில் இறங்கினேன். மார்பு வரை இருந்தது. மேடைக்கு அடியில் கையை நுழைத்து ஒரு டிரம் மூடியைத் தொட்டேன். இரண்டு விரலால் சுழன்றது. அடுத்ததும் சுழன்றது. அப்போதுதான் மழை ஞாபகத்துக்கு வந்தது. ஆரம்பித்த கை எங்களுடையது, முடித்த கை மழையுடையது. ஸ்பேனரே படாத மூடிகளின் கோட்டை அது துடைத்துவிட்டுப் போயிருக்கிறது, நாங்கள் எண்பத்து நான்கையும் அப்படியே கட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறோம். துடைக்கச் சொன்னவள் நான். சட்டம் போட்டவள் நான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்ததும் நானேதான்.

மேலே வந்து எல்லாருக்கும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மனது ஆறியிருக்கும். முப்பத்து மூன்று பேர் கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், அதுவும் உண்மையாகவே கவிழ்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு. எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சட்டம் ரத்து, ஸ்பேனரைக் கொடுங்கள், எல்லா மூடியையும் நானே இறுக்குகிறேன், யாரும் குறுக்கே வராதீர்கள் என்றேன். கணக்கு நிமிர்ந்து பார்த்தாள்.

“நூத்தி அறுபத்தெட்டு மூடி,” என்றாள். “ஒண்ணுக்கு நாலு நிமிஷம்னாலும் பதினோரு மணி நேரம் ஆகும். அவங்க வர்றது இன்னைக்கு நாலு மணிக்கு.”

அதோடு, மூடியை இறுக்கினால் இனிமேல் தண்ணீர் போகாது, சரி. உள்ளே போன தண்ணீரை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். டிரம்மை வெளியே உருவிக் கொட்டிவிடலாம், ஆனால் காலி டிரம்மைத் திரும்ப மேடைக்கு அடியில் அமுக்கி நுழைக்க யானை வேண்டும். பஞ்சர் ஒரு திருகாணியைத் தடவிக்கொண்டே, வழக்கம்போல மெதுவாக, வாயைத் திறந்தான்.

“தண்ணியை நாம எடுக்க வேண்டாம். உள்ள காத்தை விட்டா அது தானா வெளிய போயிடும்.”

டிரம்கள் படுத்திருக்கின்றன, ஒரு மூடி மேலே, ஒன்று கீழே. மேல் மூடியை இறுக்கிவிட்டு, கீழ் மூடியைத் திறந்து அது வழியாக ஹோஸை விட்டுக் காற்றடித்தால், காற்று மேலே போய் நிற்கும், தண்ணீர் கீழ் வழியாகப் போய்விடும். போனதும் கீழ் மூடியையும் இறுக்கினால் முடிந்தது. அவன் கடையில் தினம் செய்கிற வேலையைப் போலச் சொன்னான். அப்பாவின் காற்றடிக்கிற மெஷினைக் கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். அவன் அவ்வளவு வேகமாக நடந்து அன்றுதான் பார்த்தேன்.

அவன் வருவதற்குள் நாங்கள் எல்லா மேல் மூடிகளையும் இறுக்கினோம். டிரம்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டோம். டங்கென்றால் காலி, தொம்மென்றால் தண்ணீர். முப்பத்தொரு டிரம் தொம்மென்றது. மற்றவற்றின் கீழ் மூடிகளையும் அப்போதே இறுக்கிவிட்டோம். மெஷின் வந்தது, ஆனால் ஹோஸ் ஒன்றுதான். ஒரு டிரம்முக்கு ஏழு நிமிடம் என்று முதல் டிரம்மிலேயே தெரிந்துவிட்டது. கணக்கு விரல் மடக்கி, மூன்று மணி முப்பத்தேழு நிமிடம் என்றாள். கடிகாரம் பன்னிரண்டு பத்து காட்டியது. ஒரு டிரம்கூடத் தவறக் கூடாது.

ஹோஸ் பிடிக்கிற கை, திறந்து திரும்ப மூடியை மாட்டுகிற முதல் கை, அதைச் சரிபார்த்து இறுக்குகிற இரண்டாம் கை என்று பிரித்தார்கள். எனக்கு வெறி வந்துவிட்டது. நேரமே இல்லை, மாட்டுகிறவரே இறுக்கிவிடட்டும், இன்னும் என்ன சட்டம், சட்டம்தானே நம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது, நான் போட்டதை நானே எடுக்கிறேன் என்று கத்தினேன். கணக்கு அசையவில்லை.

“ரூல் உன்னுது இல்ல. எங்களுது. போ, அந்தப் பக்கம் நில்லு.”

போய் நின்றேன். மூன்றாவது மேடையின் உள்பக்கம், டயர் பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவில் தலை மட்டும் வெளியே தெரிகிற இடம். ஒன்றரை மணி ஆகியிருந்தது, விரல்கள் மரத்துப்போயிருந்தன. அந்த டிரம்மிலிருந்து தண்ணீர் போனதும் கீழ் மூடியைத் தடவிப் பொருத்தித் திருகினேன். முதல் சுற்றிலேயே கல் மாதிரி இறுகியது. நன்றாகப் பிடித்துவிட்டது, அடுத்ததற்குப் போ என்று பஞ்சரிடம் சொன்னேன். அவன் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு மூடியைத் தடவினான். அப்புறம் ஸ்பேனரை வாங்கி, நான் மூடியதை முழுவதுமாகத் திறந்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே முக்கியிருப்பேன். ஏழு நிமிடம் போச்சு, ஏழு வருடம் போச்சு, உனக்கு என்ன தெரியும் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் மூடியைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றினான். மூடியின் திருகுப் புரி பொருந்துகிற இடம் விரலுக்குத் தட்டும் வரை காத்திருந்தான். பிறகு முன்பக்கமாகத் திருகினான், நாலு சுற்று இறங்கியது. நான் போட்டபோது ஒரு சுற்றுகூட இறங்கவில்லை, புரி மாறிக் கோணலாக ஏறி நின்றுவிட்டிருக்கிறது.

“இறுக்கமாத்தான் இருந்துச்சு,” என்றான். “ஆனா மூடல.”

அவ்வளவுதான் சொன்னான், குத்தலே இல்லாமல். நான் மோவாய் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், எனக்கு அந்த ஒரு சாண்தான் பெரிதாக உறைத்தது. முதல் முறை கூடாரத்தில் எத்தனை பேருடைய இணைப்பைப் பிரித்தேன். என் இணைப்பை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? எனக்குப் பின்னால் ஒரு கை இருந்ததே இல்லை. இருந்திருந்தால் எத்தனை கோணல் வெளியே வந்திருக்குமோ தெரியாது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதுதான் ஆச்சரியம். நான் தப்பு செய்தாலும் இது மிதக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் கைகள் அன்றைக்கு இன்னும் ஏழு கோணல் மூடிகளைக் கண்டுபிடித்தன. நான் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். இரண்டாம் கையாக நின்றபோது ஒன்றை நானும் கண்டுபிடித்தேன். அதை மாட்டியிருந்தவள் கணக்கு. முதன்முதலாக எதுவும் சொல்லாமல் சரிசெய்து, அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பயந்துபோய், என்ன ஆச்சு உனக்கு, காய்ச்சலா என்றாள்.

மூன்று மணிக்கு மேல் மூன்றாவது மேடை எழும்ப ஆரம்பித்தது. விரல் விரலாக எழும்பியது. கட்டியதைப் பார்க்க வரச் சொல்லியிருந்த அக்காவும் அம்மாவும் மூன்றரைக்குக் கரையில் வந்து நின்றார்கள். அம்மா காலில் தையல் அறைச் செருப்பு, தோளில் இன்ச் டேப். சேறும் பாசியுமாக நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இதற்குத்தான் ஏழு வருஷமா என்கிற மாதிரி அம்மா என்னைப் பார்த்தார். மூன்று ஐம்பதுக்குக் கடைசி டிரம்மைத் தட்டினோம், டங்கென்றது. யாரும் கைதட்டவில்லை, யாருக்கும் கையில் தெம்பு இல்லை.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ரசமட்டத்தை நடுவில் வைத்தார். குமிழி கொஞ்சம் ஆடி, சரியாக நடுவில் வந்து நின்றது. அறுபது பேர் ஏற வேண்டும் என்றார். நாங்கள் முப்பத்து நான்கு பேர். படகுத் துறையில் வேலை செய்கிறவர்கள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், காற்றடிக்கிற மெஷினோடு வந்த பஞ்சருடைய அப்பா, அக்கா என்று கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு ஏற்றினோம். அம்மா மட்டும் மாட்டேன் என்றார். மகள் கட்டினது என்று தெரிந்துதான் மாட்டேன் என்கிறேன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அறுபது பேரையும் ஒரே ஓரத்துக்குப் போகச் சொன்னார். போனோம். தரை வளைந்தது, கூரை எங்கள் தலைக்கு மேல் அகலமாகத் திறந்துகொண்டது. மேடையின் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தோம், அது தண்ணீருக்குள் போனால் கதை முடிந்தது. கோட்டுக்கு இரண்டு விரல் கீழேயே தண்ணீர் நின்றுவிட்டது. எதிர் ஓரத்துக்குப் போகச் சொன்னார். ஏழு மேடைகளும் ஒன்றுக்கொன்று சொல்லி வைத்தாற்போல் வளைந்து, சுமையைப் பங்கு போட்டுக்கொண்டன. இரண்டு விரல், அதே இரண்டு விரல். அதிகாரி முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, தாளில் கையெழுத்துப் போட்டார். நல்லா இருக்கு, நான் கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கலாமா என்று கேட்டார். அப்போது போட்டோம் பாருங்கள் ஒரு கூச்சல், எதிர்க்கரையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஞ்சரைக் கட்டிக்கொண்டேன். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான், மெதுவாக.

இனி மதிப்பெண். ஸ்கேல் கரைக்கும் மேடைக்கும் நடுவில் போட்ட பலகைக்குப் பக்கத்தில் பட்டியலோடு நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாரிடமும் ஒரே கேள்வி. என் முறை வந்தது. கரையில் அம்மா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்.

“இதுல உன்னுது எது, காட்டு,” என்றார் ஸ்கேல்.

பதிலைப் பல நாளாக யோசித்து வைத்திருந்தேன். கூரைக் கம்பத்தின் கால் இணைப்பு, டயர் பட்டையின் மடிப்பு, இரண்டும் நான் தொடங்கியவை, இரண்டும் அழகாக வந்திருந்தன. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“மூணாவது மேடை, உள்பக்கத்து டிரம் சார். அதோட மூடியை நான் கோணலா மாட்டினேன். சரியா இருக்குன்னு அடிச்சும் சொன்னேன். பஞ்சர் நம்பாம திறந்து பார்த்தான். அவன் நம்பியிருந்தா இப்போ இந்த மேடை தண்ணிக்குள்ள இருக்கும்.” மிச்சத்தையும் சொன்னேன். கோட்டைத் துடைக்கச் சொன்னது நான்தான், மழை துடைத்ததைக் கவனிக்காமல் பாராட்டியதும் நான்தான்.

ஸ்கேல் குனிந்து எதையோ எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் திரும்பினேன். தப்பை நீயே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டாய், இனி பூஜ்யம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“சார், பாஸா ஃபெயிலான்னு சொல்லிடுங்க. நான் மெஷினை மூடிட்டு வந்திருக்கேன். இது மூணாவது தடவை.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, படிப்பு நீளுதுன்னா எதிர்வீட்டுப் பையனுக்கும் நீளணுமில்ல, அவன் அதே காலேஜ்ல அஞ்சு வருஷத்துல முடிச்சுட்டு வேலைக்குப் போறானே என்றார். இரண்டு வருடமாக அந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், என் சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு என்னைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஸ்கேல் நிமிர்ந்தார். மதிப்பெண்ணைப் பட்டியல் போகும் முன் சொல்லக் கூடாது என்பது விதி. அம்மாவின் முகத்தையும் தோளில் தொங்கிய இன்ச் டேப்பையும் பார்த்தார்.

“பாஸ்ம்மா. கூட்டுங்கிற தலைப்புல வகுப்புலேயே அதிக மார்க் இவளுக்குத்தான்.”

பின்னால் முப்பத்து மூன்று பேரும் குதித்தார்கள். தரை அலையடித்தது, அதிகாரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள் உட்காருங்கள் என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன், இந்த முறை தண்ணீர் தெறித்தது என்று சொல்லவில்லை. அம்மா கரையில் செருப்பைக் கழற்றி வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், பலகையில் ஏறி நடந்து வந்தார்.

“நீ கெடுத்த அந்த மூடி எங்க இருக்கு, காட்டு,” என்றார். “அதுமேலதான் நிக்கணும்.”

மூன்றாவது மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினேன். பஞ்சர் ஒதுங்கி வழி விட்டான். அம்மா இரண்டு காலையும் சேர்த்து வைத்து, உடம்பின் முழு பாரத்தையும் அதன்மேல் போட்டு நின்றார். மேடை ஒரு விரல்கூட இறங்கவில்லை.